பென்டிரைவ் மாதிரி இருக்கும், பென்டிரைவ் இல்லை: பிள்ளையின் பையில் இ-சிகரெட் கிடைத்தால் போலீஸ் கேஸ் ஆகுமா?

மதியம் ரெண்டு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்ட அம்மா, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அசந்து தூங்கும் அப்பா, நாலரைக்கு ஸ்கூல் வேனில் இருந்து இறங்கும் பையன். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைப் பகுதியில் பல வீடுகளின் சாதாரண மாலை இது. ரெண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் இ.எம்.ஐ.யும் கட்ட முடியும். பையன் கையில் போன், போனில் ஜிபே, வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

இப்படி ஒரு வீட்டில், துவைக்க எடுத்த ஸ்கூல் பையில் பென்டிரைவ் மாதிரி ஒரு பொருள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோந்து பார்த்தால் மாம்பழ வாசனை. அது இ-சிகரெட் என்று தெரிந்ததும் பெற்றோருக்கு வரும் முதல் பயம்: "வெளிய சொன்னா பையன் மேல கேஸ் ஆகிடுமோ?" இந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் விஷயம் அப்படியே அமுங்கிப்போகிறது. அதனால் முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை போட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். ஆன்லைன் விற்பனையும் இதில் அடக்கம். முதல் முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சரக்கைச் சேமித்து வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பட்டியலில் 'இழுப்பது' இல்லை. பயன்படுத்துபவருக்கு என்று தனியாகத் தண்டனைப் பிரிவு அந்தச் சட்டத்தில் கிடையாது. அதாவது 14 வயதுப் பையன் ஒருவன் இழுத்தான் என்பதற்காக அவனைக் குற்றவாளியாக நிறுத்துவது சட்டத்தின் நோக்கம் இல்லை. குறி விற்றவர் மேல்தான். ஆனால் பையன் வாங்கி வந்து நண்பர்களுக்கு விற்க ஆரம்பித்தால் கதை வேறு. அப்போதும் 18 வயதுக்குக் கீழே என்பதால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும்.

'இதில் நிக்கோட்டினே இல்லை, வெறும் ஃப்ளேவர்தான்' என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. செல்லாது. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை பொருந்தும் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. இ-ஹூக்காவுக்கும் இதே கதிதான்.

அப்பா வாங்கி வந்தால்?

இங்கேதான் பெரியவர்கள் கொஞ்சம் நெளிய வேண்டும். ட்ரெயினிங், புராஜெக்ட் என்று வெளிநாடு போய் வருபவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. அங்கே கடையில் விற்கிறார்களே என்று ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டு வந்தால், ஒரே ஒரு பீஸ் ஆனாலும் அது தடை செய்யப்பட்ட இறக்குமதிதான். அது அலமாரியில் இருந்து பையன் கைக்குப் போக எத்தனை நாள் ஆகும்?

சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவு இன்னும் கடுமையானது. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கொடுத்தவர் உறவினர் என்றால் விலக்கு என்று அதில் எங்கும் இல்லை. 'டேய், அப்பாவுக்கு ஒரு சிகரெட் வாங்கிட்டு வாடா' என்று அனுப்பும் பழைய பழக்கமும் சிக்கல்தான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு சிகரெட் விற்றால் பெட்டிக்கடைக்காரர் மீது வழக்கு வரும்; 'அப்பாவுக்கு' என்று பையன் சொன்னதால் அது சரியாகிவிடாது.

ஏன் இவ்வளவு பதற்றம்?

உள்ளே இருப்பது ஒரு பேட்டரி, சூடாகும் ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். திரவத்தில் பெரும்பாலும் நிக்கோட்டின், கூடவே பழ வாசனை, மிட்டாய் வாசனை. உலகச் சந்தையில் இப்படி 16,000 ஃப்ளேவர்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பீடி, சிகரெட் முதல் இழுப்பிலேயே தொண்டையைக் கரகரக்க வைக்கும், இருமல் வரும், சிலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். புது ரக இ-சிகரெட்டுகளில் நிக்கோட்டினை உப்பு வடிவில் சேர்ப்பதால் அந்த எரிச்சல் குறைவு. அமெரிக்காவில் பள்ளி மாணவர்களிடம் பரவிய ஜூல் நிறுவனத்தின் 5 சதவீத 'பாட்' ஒன்றில், ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கு நிக்கோட்டின் இருந்தது. மூளை வளர்ச்சி சுமார் 25 வயது வரை தொடர்வதால், இளம் வயதில் நிக்கோட்டின் அடிமைத்தனம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். கவனம், நினைவாற்றல் இரண்டும் அடிவாங்கும்.

இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019-ல் நடந்த தேசிய ஆய்வில், 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவது தெரியவந்தது.

சரி, என்ன செய்வது?

ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் 'பிள்ளைகளைக் கவனியுங்கள்' என்று அறிவுரை சொல்வது சுலபம். எந்த நேரத்தில் கவனிப்பது என்று யாரும் சொல்வதில்லை. எட்டு மணி நேரமும் கண்காணிக்க முடியாது, ஆனால் சிலவற்றைக் கவனிக்கலாம். அறையில் அடிக்கடி வரும் இனிப்பு வாசனை, எதற்கென்று தெரியாத குட்டி சார்ஜர், அடிக்கடி வரும் சின்ன பார்சல், ஜிபே ஹிஸ்டரியில் பெயர் தெரியாத நபருக்குப் போகும் பணம். வாய் உலர்வு, இருமல், காலையில் எரிந்து விழுவது எல்லாம் அறிகுறி ஆகலாம். டீனேஜ் என்றாலே கொஞ்சம் எரிந்து விழுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

கையில் கிடைத்துவிட்டால், அன்றைக்கே பெல்ட்டை எடுத்தால் ஒன்றுதான் நடக்கும்: அடுத்த முறை ஒளிக்கும் இடம் மாறும். முதலில் கேட்க வேண்டியது 'ஏன்டா இப்படிப் பண்ணே?' இல்லை. 'எவ்வளவு நாளா? யார் கொடுத்தா?' என்பதுதான். முதல் பதிலை வைத்து உதவி வேண்டுமா என்று முடிவு செய்யலாம், இரண்டாவது பதில் புகாருக்கு உதவும். வாரக்கணக்கில் பழகியிருந்தால் 'நாளையில இருந்து விட்டுடு' என்பது பலிக்காது. தூக்கம் கெடும், கோபம் வரும். புகையிலையை விடுவதற்கான தேசிய இலவச எண் 1800-11-2356, மனநல ஆலோசனைக்கு 14416. விற்றவர் பற்றிய தகவலை போலீஸிடமோ, மத்திய சுகாதார அமைச்சகம் 2023 ஜூலையில் தொடங்கிய புகார் இணையதளத்திலோ கொடுக்கலாம்.

கைப்பற்றிய பொருளைக் குப்பையோடு சேர்த்து எரிக்கக் கூடாது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, வெடிக்கும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்கலாம். அந்தத் திரவத்தைக் குழந்தை கொஞ்சம் விழுங்கியிருந்தாலும் விஷம்தான். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.