மழைக்குத் தப்பும் திண்ணை வெற்றிலை

வெள்ளாற்றங்கரைப் புவனகிரிப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் கொடிக்காலில் தண்ணீர் நிற்கும்; கொடி அழுகும். கடலூர் மாவட்டம் 2011-ல் தானே புயலையும் 2015-ல் பெருவெள்ளத்தையும் கண்டது. கொடி போனால் விதைக்கொடியை வெளியில் விலைக்கு வாங்க நேரும். அதோடு நோயும் வந்து சேரலாம். ஆகவே, மழைக்கு முன்பே பத்துக் கொடிகளைத் தொட்டியில் நட்டுத் திண்ணையில் காப்பது நலம்.

நோயற்ற கொடியின் நுனிப்பகுதியில் 3 முதல் 5 கணு உள்ள துண்டுகளை எடுத்து, 2 கணு மண்ணுக்குள் இருக்குமாறு நட வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சமமாகக் கலக்கலாம். தொட்டியின் அடியில் துளை அவசியம்.

வெற்றிலை நிழல் விரும்பும் பயிர்தான். ஆனால் இருட்டறை ஆகாது. அகத்தி நிழலில் கிடைப்பது போன்ற மங்கலான வெளிச்சம் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும்.

இலை மஞ்சளாகித் தொங்கி, தூர் கறுத்து, மீன் நாற்றம் வீசினால் அது பைட்டோப்தோரா பூசணத்தால் வரும் வாடல் நோய். அந்தச் செடியை மண்ணோடு அகற்றி அழிக்க வேண்டும். மற்றவற்றின் தூரில் 0.25 சத போர்டோக் கலவை ஊற்றலாம். 10 லிட்டருக்கு மயில்துத்தம் 25 கிராம், சுட்ட சுண்ணாம்பு 25 கிராம். இரண்டையும் மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்ற வேண்டும். இலையில் படக்கூடாது.

தை பிறந்து நிலம் வடிந்ததும் அகத்தி விதைத்து, அது வளர்ந்தபின் திண்ணைக் கொடியிலிருந்தே துண்டு எடுத்து நடலாம். விதைக்கொடிச் செலவு மிச்சம்.