இலை துளைக்கும் புழுவும் எளிய தடுப்பு முறைகளும்

தறியும் தோட்டமும் நம் அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் ஒருங்கே அமைந்துள்ளன. கூடத்தில் நெசவு, கொல்லையில் தக்காளி, அவரை, பீர்க்கு. கூலி தாமதமாகும் வாரங்களில் அடுப்பு அணையாமற் காப்பது அக்கொல்லையேயாகும். ஆதலின் அதற்கு நேரும் தீங்கை நாம் சிறிதென்று எண்ணிவிடலாகாது.

இரண்டு மாதங்களுக்கு முன் சங்கக் கணக்குகளைப் பார்வையிட மணவூர்ப் பக்கம் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தம் தக்காளிப் பாத்திக்கு அழைத்துச் சென்றார். இலைகளிலெல்லாம் பாம்பு நெளிந்த தடம்போல் வெண்கோடுகள் ஓடியிருந்தன. இருபது நாட்களில் நான்கு முறை மருந்து தெளித்திருந்தார். கோடுகள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. “ஐயா, இன்னும் ஒரு முறை அடிக்கக் கடன் கிடைக்குமா?” என்று வினவினார். அந்நான்கு மருந்துகளின் கடனை அன்று காலையில்தான் ஏட்டிற் கண்டு, சரியென்று குறியிட்டிருந்தோம். கணக்கு சரியாகவே இருந்தது. செலவு சரிதானா என்று நாம் கேட்கவில்லை. அக்குறையை நீக்கவே இதனை எழுதுகின்றோம்.

இத்தீங்கைச் செய்வது ஒரு சிறு ஈயின் புழு. ஈயின் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாது. நிறம் கருமையும் மஞ்சளும் கலந்தது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இவ்வினம், 1990ஆம் ஆண்டையொட்டிச் சாமந்தித் துண்டுகளோடு நம் நாட்டிற் புகுந்ததாக ஆய்வாளர் கருதுவர். தக்காளி, அவரை, தட்டைப்பயறு, பூசணி இனங்கள், ஆமணக்கு முதலியன இதற்கு உணவு. பெண் ஈ இலையைக் குத்திச் சாற்றை உண்ணும். அக்குத்துகள் சிலவற்றில் முட்டையிடும். சில நாட்களில் வெளிவரும் மஞ்சள் நிறப் புழு, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையேயுள்ள பசுமையைத் தின்றுகொண்டே செல்லும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முற்றி, தோலைக் கிழித்து வெளியேறி, பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். வெப்பக் காலத்தில் முட்டை ஈயாவதற்கு மூன்று வாரங்களே போதும்.

மருந்து பலிக்காததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, புழு தோலுக்குள் இருக்கின்றது. மருந்தோ தோலின்மேல் நிற்கின்றது. நூலிலேயே ஏறிய சாயத்தைத் துணியின் மேற்புறத்தைத் துடைத்துப் போக்க முடியுமோ? இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு குளவிகள் சில, இலைக்குள் இருக்கும் புழுவைத் தேடி அதன்மேல் முட்டையிடும். அவற்றின் குஞ்சுகள் புழுவைத் தின்றுவிடும். கடுமையான மருந்து இலைமேல் நடமாடும் குளவியைக் கொல்கின்றது. ஈயோ பல மருந்துகளைத் தாங்கப் பழகிவிட்டது. காவலன் மாண்டபின் களவு பெருகுவது இயல்பன்றோ!

மற்றொன்றையும் அறிதல் வேண்டும். இப்புழு காயைத் தொடாது. நன்கு வளர்ந்த செடி சில இலைகளை இழந்தும் காய்க்கும். இளநாற்றுகளையே நாம் கருத்தாய்க் காத்தல் வேண்டும். கோடின்றி அகன்ற திட்டுகள் தோன்றி, தக்காளிக் காயிலும் துளை காணப்படின், அது 2014ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில் முதலிற் கண்டறியப்பட்ட வேறொரு புழுவாயிருக்கலாம். உடனே வேளாண்மை அலுவலரிடம் காட்டுக.

இனிச் செய்யத்தக்கவை:

1. இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். கோட்டின் அகன்ற முனையில் புழு தெரியின், அவ்விலையைக் கிள்ளி அழித்துவிடுக. பாத்தியிலேயே போட்டால் புழு மண்ணிற் புகும். புழு வெளியேறிய பழைய இலைகளைப் பறிப்பதால் பயனில்லை.

2. மஞ்சள் வண்ணம் பூசிய தகரத் துண்டுகளில் விளக்கெண்ணெய் தடவிச் செடியின் உயரத்தில் நிறுத்துக. மஞ்சளை நாடிவரும் ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் உலர்ந்ததும் துடைத்து மீண்டும் தடவுக.

3. செடிகளின் இடையே மண்ணை மேலாகக் கொத்திவிடுக. கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் எறும்புக்கும் இரையாகும். அறுவடை முடிந்த கொடிகளை அடுத்த பயிரருகே விட்டுவைக்கலாகாது.

4. ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 500 கிராம் எடுத்து இடித்து, இரண்டு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவிடுக. காலையில் பால்போல் வரும்வரை கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, பத்து லிட்டராக்கி, 20 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்க்கவும். அன்றே, மாலை வேளையில், இலையின் இருபுறமும் படத் தெளிக்கவும். வேம்பின் சத்து ஓரளவு இலைக்குள்ளும் ஊடுருவிப் புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். உடனே சாகவில்லையே என்று மனந்தளர வேண்டா. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, தேவையாயின் மீண்டும் தெளிக்கலாம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திருத்தணி மலையேறும் நாட்களில் வேப்பம்பழம் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். அதனைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திக் காற்றோட்டமான சாக்கில் வைத்துக்கொள்க. ஆண்டு கடந்த பழங்கொட்டையின் வீரியம் குன்றிவிடும்.

சென்ற வாரம் அவ்வங்கத்தினரின் பாத்தியை மீண்டும் கண்டோம். கீழிலைகளில் பழைய கோடுகள் இருந்தன. புதிதாய் விரிந்த இலைகள் பெரும்பாலும் தெளிவாயிருந்தன. ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ஐந்தாம் கடன் ஏறவில்லை. ஆயினும் அடுத்த கொல்லை ஈ வேலியை மதிப்பதில்லை. ஒரு தெருவார் ஒருங்கே முயன்றாலன்றி முழுப்பயன் கிட்டாது. நூலையும் கடனையும் சேர்ந்து பெறக் கற்ற நாம், வேப்பங்கொட்டையையும் சேர்ந்து சேகரிப்போமாக.