மார்பைப் பிளக்காத சத்திரசிகிச்சை

விழுங்குவதற்குச் சிரமமாக உள்ளது என ஒருவர் கூறினால் அதனை வாய்வுக் கோளாறு என்று தட்டிக்கழிப்பது நம்மவர் வழக்கம். உணவுக்குழாய்ப் புற்றுநோய் பலருக்குக் காலந்தாழ்த்திக் கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களிலும் உபசரிப்பின் அடையாளமாக விளங்கும் வெற்றிலையுடன் புகையிலையைச் சேர்த்து மெல்லுவது இந்நோயை உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட உண்மை.

உணவுக்குழாய் மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னே, முள்ளந்தண்டுக்கு முன்னே அமைந்துள்ளது. அதனை அகற்றுவதற்கு விலா எலும்புகளை விரித்து மார்பைத் திறப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. அக்காயத்தின் வலியால் நோயாளி ஆழமாக மூச்செடுக்கவோ இருமவோ இயலாது போகின்றது. சளி தேங்கி நுரையீரலில் கிருமி தொற்றுகின்றது. ஐரோப்பாவில் 115 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், மார்பைத் திறந்த முறையில் முதல் இரு வாரங்களில் 29 வீதத்தினருக்கு இத்தொற்று ஏற்பட்டது. சிறு துளைகள் வழியான முறையில் அது 9 வீதமாகக் குறைந்தது.

இச்சிறு துளைகளே கருவியை வடிவமைப்போருக்குச் சவாலாகின்றன. ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள நீண்ட தண்டு விலா எலும்புகளின் இடைவெளியால் நுழைய வேண்டும். துளை நெம்புகோலின் தாங்குபுள்ளியாவதால், கை வலப்புறம் நகர்ந்தால் கருவியின் நுனி இடப்புறம் நகரும். விரல்களின் தொடுவுணர்வும் பெரிதும் குறைந்துவிடும். ஆகவே நுனி இழையத்தைக் கிழிக்காமல் பற்ற வேண்டும். மின்னால் சுடும் கருவியின் தண்டு அயலுறுப்பைச் சுடாதவாறு காப்பிடப்பட வேண்டும். பிடி, பெரிய கைக்கும் சிறிய கைக்கும் பொருந்த வேண்டும்.

எனினும், எல்லாவற்றுக்கும் புதிய கருவிதான் தேவை என்பதில்லை. நோயாளியைக் குப்புறக் கிடத்தும் முறையைக் கோயம்புத்தூரில் சத்திரசிகிச்சை நிபுணர் சி. பழனிவேலு குழுவினர் கையாண்டு, 130 நோயாளரின் அனுபவத்தை 2006இல் வெளியிட்டனர். குப்புறக் கிடத்தும்போது நுரையீரல் தன் பாரத்தாலேயே முன்னோக்கிச் சரிந்து வழிவிடுகின்றது. அதனை ஒதுக்கிப் பிடிக்க வேண்டிய கருவியின் வேலையைப் புவியீர்ப்பே செய்துவிடுகின்றது.

வசதி குறைந்த பிரதேசங்களுக்கு இதில் பாடம் உண்டு. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தே நிதி திரட்டினர். அத்தகைய முயற்சிகள் கட்டடத்துடன் நின்றுவிடலாகாது. கருவிகளும் அவற்றைக் கையாளும் பயிற்சியும் அவற்றைப் பேணும் ஆளணியும் ஒருங்கே அமைய வேண்டும். அனைத்துக்கும் மேலாக, விழுங்கும்போது தடை தோன்றிய உடனேயே நோயாளி வைத்தியரை நாட வேண்டும். நோய் முற்றியபின் எத்தகைய நுண்கருவியாலும் பயன் அரிதே.