ஐம்பது வயதில் ஆட்டிசம் என்று சொன்னால்

ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில் 2009இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியால் உலகப் புகழ் பெற்றவர். பிறக்கும்போது ஆக்ஸிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்டது என்றே சிறுவயதிலிருந்து அவரைப் பற்றிச் சொல்லிவந்தார்கள். பள்ளியில் கேலி வேறு. 2012இல் ஒரு நிபுணர் சோதித்துவிட்டு, அது ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் என்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டு அதை வெளியே சொன்னபோது நிம்மதியாக இருக்கிறது என்றார்.

ஆட்டிசம் நடுவயதில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை, பிறவியிலேயே இருப்பது. பிறகு எப்படி இத்தனை காலம் தெரியாமல் போகும்? 1943இல் லியோ கேனர் அதை விவரித்தபோது எழுதியது 11 குழந்தைகளைப் பற்றி. வெகுகாலம் மருத்துவர்கள் தேடியதும் அந்தச் சாயலில்தான். சரளமாகப் பேசி, மார்க்கும் வாங்குகிற பிள்ளையை யாரும் சந்தேகிக்கவில்லை. ஹான்ஸ் ஆஸ்பெர்கரின் பழைய ஆய்வை 1981இல் லோர்னா விங் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் எடுத்துப் பேசிய பிறகே வட்டம் பெரிதானது. அதற்குள் ஒரு தலைமுறை வேலைக்கே போய்விட்டது.

பெண்கள் இன்னும் அதிகமாகத் தப்பிவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் எப்போது சிரிக்கிறார், எவ்வளவு நேரம் முகம் பார்க்கிறார் என்று கவனித்து அப்படியே செய்யப் பழகிவிடுவார்கள். கல்யாண வீட்டில் எல்லாரிடமும் பேசிவிட்டு வந்து, மறுநாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால், "அவ சுபாவம் அப்படி" என்று வீடு விட்டுவிடும்.

பலர் மருத்துவரிடம் போவதே தம் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகுதான். இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவரோ உளவியலாளரோ உட்கார்ந்து பேசுவார், பெரும்பாலும் பழங்கதை. பொம்மையை வைத்து விளையாடினீர்களா, வரிசையாக அடுக்கிவைத்தீர்களா? சட்டைக் காலரில் லேபிள் உறுத்துமா? மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வீர்களா? அடையாளங்கள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அம்மாவோ அக்காவோ கூட வந்தால் நல்லது. பழைய ரிப்போர்ட் கார்டில் டீச்சர் எழுதிய குறிப்பும் உதவும். கற்றுக்கொண்ட உத்திகளால் அந்த அடையாளங்கள் பின்னாளில் மறைந்திருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு ஒப்புக்கொண்டது. ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயரை எடுத்துவிட்டு ஆட்டிசத்துக்குள் சேர்த்ததும் அதே கையேடுதான். இணையத்தில் கிடைக்கும் 50 கேள்விகள் கொண்ட தாள் வெறும் சல்லடை. அதில் வரும் மதிப்பெண்ணை வைத்து முடிவுகட்டக் கூடாது.

முடிவு தெரிந்தபின் எல்லாருக்கும் நிம்மதி மட்டுமே வருவதில்லை. இருபது வருடம் முன்பே தெரிந்திருந்தால் என்ற கோபமும் வரும், நியாயமான கோபம். ஆட்டிசத்துக்கென்று மாத்திரை இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சை உண்டு.

இந்தியாவில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. இடஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். வேலைக்குப் போய்வரும் பெரியவர் அந்த அளவைத் தொடாமல் போகலாம். அலுவலகத்தில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். காரணம் சொல்லாமலே சிலவற்றைக் கேட்கலாம்: வேலையை வாய்மொழியாகச் சொல்லாமல் மெயிலில் அனுப்பச் சொல்வது, ஓரத்து இருக்கை, ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ள அனுமதி, கூட்டத்தின் நேரம் மாறினால் முந்தின நாளே ஒரு தகவல்.