தொழில் தெரிந்தவர் எம்மிடம் நிலைத்து நிற்க

நிலத்தை விட்டு வந்த எமது குடும்பங்கள் பல, இன்று சிறு தொழில்களில் இறங்கியுள்ளன. நீரிறைக்கும் இயந்திரமும் உழவு இயந்திரமும் திருத்தும் கராச், அரிசி ஆலை, இரும்பு ஒட்டும் பட்டறை என்பன இவற்றுட் சில. இவற்றை நடத்துவோரின் பொதுவான குறை, வேலை தெரிந்த இளைஞர் நிலைத்து நிற்பதில்லை என்பதே.

பெரிய கம்பனிகள் கொடுக்கும் சம்பளத்தை எம்மால் கொடுக்க இயலாது. ஆயினும் எம்மால் கொடுக்கக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, நிச்சயம். சம்பளம் பத்தாம் திகதி என்றால் பத்தாம் திகதியே கொடுக்க வேண்டும். நெல் விற்றதும் தருகிறோம் என்ற பேச்சு நல்ல தொழிலாளியை வெளியே அனுப்பிவிடும்.

இரண்டாவது, சேமிப்பு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், ஒரேயொரு தொழிலாளியை வைத்திருப்பவருக்கும் பொருந்தும். தொழிலாளியின் பங்கு 8 வீதம். முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். மாதச் சம்பளம் 40,000 ரூபா எனின், முதலாளி 6,000 ரூபாவும் தொழிலாளி 3,200 ரூபாவும் செலுத்த, அவர் பெயரில் மாதந்தோறும் 9,200 ரூபா சேரும். இதை வீண் செலவு என எண்ணி மறைப்போர் உளர். வீட்டையும் விளைந்த வயலையும் ஒரே இரவில் விட்டு வந்த மக்கள் நாம். எங்கு பெயர்ந்தாலும் அழியாமல் தன் பெயரில் இருக்கும் பணத்தின் பெறுமதியை எமக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, சான்றிதழ். பட்டறையில் பழகியே தொழில் கற்றவரும், தம் திறமையைச் செய்துகாட்டித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் இதுபற்றி விசாரிக்கலாம். சான்றிதழ் கிடைத்தால் ஆள் போய்விடுவார் என்று அஞ்சுவதுண்டு. ஒருவர் போகவும் கூடும். ஆனால் அங்கே போனால் தொழிலும் சான்றிதழும் கிடைக்கும் என்ற பெயர் ஊரில் பரவினால், நாம் தேடாமலே கெட்டிக்காரர் வருவர்.

நான்காவது, வீட்டோடு இருக்கும் வசதி. காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் தகப்பனுக்கு உதவ லீவு கொடுப்பது சிறு முதலாளிக்கே இலகு. ஆனால் கராசிலும் அப்போதுதான் வேலை குவியும். ஆகவே யாருக்கு எந்த நாள் என்பதை முன்கூட்டியே கூடிப்பேசி, முறைவைத்து எழுதிக்கொள்வது நல்லது.

நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்றுண்டு. வேலை, சம்பளம், சம்பளத் திகதி, லீவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வோம். நம்பிக்கை அந்தத் தாளிலிருந்தே வளரட்டும்.