சீருடைக்கு முன் ஒரு பதிவு

கோத்தா திங்கி சாலையில் போகிறவர்களுக்கு உலு திராமின் பூலாடா இராணுவப் பயிற்சி நிலையம் தெரிந்த இடம். ஆனால் இராணுவத்தில் தாதியரும் உண்டு என்பது நம் பெண்கள் பலருக்குத் தோன்றுவதில்லை. இத்தனைக்கும் 1943-இல் உருவான ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் சிலர் தாதியராகவும் பணியாற்றினர்.

அன்று முகாமிலேயே கற்றுக்கொண்டார்கள். இன்று எந்தச் சீருடையானாலும் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், அறிவியலில் கிரெடிட், பிறகு மூன்றாண்டு டிப்ளோமா, வாரியத்தின் தேர்வு. டிப்ளோமாவை வாரியம் அங்கீகரிக்காவிட்டால் எல்லாம் வீண். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுமுன் இதைக் கல்லூரியிடம் அல்ல, வாரியத்திடமே கேளுங்கள்.

இராணுவ மருத்துவமனைகள் தெரெண்டாக், லூமுட், கோலாலம்பூரில் உள்ளன. வீட்டருகிலேயே வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்!