சின்ன இன்ஜினுக்கு எதற்கு ரேஸ் சட்டை?

அசோக் நகர் நூறடி சாலையில் சிவப்பு விழுந்ததும் முன்வரிசைக்கு நகர்ந்து வரும் பைக்குகளில் ஒன்றிரண்டாவது கழுத்து முதல் வயிறு வரை ஃபேரிங் என்னும் மூடுறையைப் போர்த்தியிருக்கும். பின்சீட்டு திண்ணை உயரத்தில் இருக்க, ஓட்டுபவர் டேங்க் மேல் கவிழ்ந்திருப்பார். “நூத்தம்பது சி.சி.க்கு இவ்வளவு ஜோடனையா?” என்ற கேலி பழையது, ஆனால் தலைகீழானது. வேகம் இரு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். 200 குதிரைத்திறனைத் தொடும் லிட்டர் பைக் (ஆயிரம் சி.சி. வண்டி), காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். 17 குதிரைத்திறன் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. காற்றை நழுவவிடத்தான் வேண்டும். 1950களின் ஐரோப்பியப் பந்தயங்களில் சிறிய வண்டிகளும் முன்சக்கரம் வரை மூடிக்கொண்டு ஓடின. பக்கக்காற்றில் அவை தடுமாறியதால் 1958 முதல் சக்கரத்தை மூடும் ஃபேரிங்குக்குத் தடை வந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவம் அதற்குப் பிறகு மிஞ்சியது.

காற்று பாதிக் கதைதான், மீதி எடை. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750 நான்கு சிலிண்டரையும் முன் டிஸ்க் பிரேக்கையும் சாதாரணச் சாலைக்குக் கொண்டுவந்தது; ஆனால் 200 கிலோவைத் தாண்டிய வண்டி அது. 1985-இல் சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 அலுமினியச் சட்டத்தில் 176 கிலோவுக்கு இறங்கியது. 1992-இல் ஹோண்டா ஃபயர்பிளேடு, கிட்டத்தட்ட 900 சி.சி. இன்ஜினை 185 கிலோவுக்குள் அடக்கியது. இந்த இரண்டும் பெட்ரோல், எண்ணெய் ஊற்றாத எடைகள். வளைவிலும் பிரேக்கிலும் லாபம் தருவது இன்ஜினைப் பெருக்குவதல்ல, எடையைக் கழிப்பது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 2008-இல் யமஹா ஆர்15 இந்தியாவுக்கு வந்தபோது, தண்ணீரால் குளிரும் 149 சி.சி. இன்ஜினை டெல்டாபாக்ஸ் சட்டத்தில் பொருத்தி வந்ததும் இதே கணக்கில்தான்.

சென்னைக்கு இந்தப் பந்தயக் கணக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், உலகப்போர்க்கால சோழவரம் விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் வந்தது. ஓடுதளத்தின் நீண்ட நேர்ப்பாதை இன்ஜினுக்குச் சாதகம். வளைவுகள் நிறைந்த தடத்தில்தான் சட்டத்தின் தரம் வெளிப்படும். ஓசூர் டிவிஎஸ், பிஎம்டபிள்யூவுடன் 2013-இல் செய்த ஒப்பந்தத்தின் பயனாக 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ வெளியிட்டது. 312 சி.சி., 34 குதிரைத்திறன். அதன் சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது: காற்று முன்னால் நுழைகிறது, புகை பின்னால் வெளியேறுகிறது. இதனால் இன்ஜினை முன்சக்கரத்துக்கு நெருக்கமாக வைக்க முடிகிறது. இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டாமலே பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக்கலாம். வண்டி சட்டென வளையும், பின்சக்கரமும் பிடி விடாது. அலங்காரத்துக்காக யாரும் இன்ஜினைத் திருப்பி வைப்பதில்லை.

“நாற்பதில் ஊரும் நகரத்தில் இதனால் என்ன பயன்?” என்றால், ஃபேரிங்குக்கு அநேகமாக ஒன்றுமில்லை. குனிந்த இருக்கை அதைவிட மோசம். நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கும். வடபழனி நெரிசலில் மேலுடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். ஆனால் பிரேக்கும் டயரும் உறுதியான சட்டமும் நாற்பதிலும் வேலை செய்பவை. குறுக்கே ஆட்டோ திரும்பும்போது அந்த வித்தியாசம் தெரியும். இந்த வடிவமே இளைஞர்களை வேகத்துக்குத் தூண்டுகிறது என்ற பெற்றோரின் பயத்தையும் முழுதாகத் தள்ள மாட்டேன்; விளம்பரங்கள் விற்பது அந்த ஆசையைத்தான். அதற்கு மருந்து, ஃபேரிங்கைக் கழற்றுவதல்ல, வேகத்தை இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு அனுப்புவது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு அதே டிவிஎஸ் 2023-இல் விடை கொடுத்துவிட்டது: அதே 312 சி.சி. குடும்பத்து இன்ஜின், முழு ஃபேரிங் கிடையாது, நிமிர்ந்து உட்கார வைக்கும் ஹேண்டில்பார். பெயர் அப்பாச்சி ஆர்டிஆர் 310. நூறடி சாலைக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.